முப்பத்துநாலு அங்குல இடுப்பு

அத்தியாயம் 9

ஒரு பேன்ட்டும் கையுமாக அவளை நிறுத்திவைத்துவிட்டு, நாம் எல்லோரும் ஒரு வாரம் நம் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். அவள் இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள், வாஷிங் மெஷினின் கதவைக்கூடச் சாத்தாமல்.

அது அவள் புருஷனுடைய பேன்ட். பஸ் டிரைவர்களுக்குக் கம்பெனி கொடுக்கிற சாம்பல் நிற யூனிஃபார்ம் இரண்டில் ஒன்று. இடுப்புப் பட்டியின் பின்பக்கத்தை யாரோ உள்ளே மடித்து, கையால் தைத்துச் சுருக்கியிருக்கிறார்கள்.

அது அவள் போட்ட தையல் இல்லை.

பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அந்த மனிதரின் சட்டையில் ஒரு பட்டனைக்கூட இன்னொரு கை தைத்ததில்லை. அவள் ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறவள். ஊரில் பாதிப் பேருடைய இடுப்பு அவள் நோட்டில் இருக்கிறது. அப்படிப்பட்டவள் வீட்டுப் பேன்ட்டில் வேறொருவர் ஊசி ஏற்றியிருக்கிறார் என்றால், அவள் என்னவென்று நினைப்பாள்?

நினைக்கக் காரணங்கள் ஏற்கெனவே வரிசையில் நின்றன. இரண்டு மாதமாக அவர் டீயில் சர்க்கரை வேண்டாம் என்கிறார். யாருக்காக இந்த அழகு? ஒரு மாதமாக ஹால் சோபாவில் தனியாகப் படுக்கிறார். கேட்டால் முதுகுவலி என்கிறார். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காலில் மட்டும் செருப்போடு வீட்டுக்கு வந்து நின்றார். இன்னொன்று எங்கே என்று கேட்டதற்கு, காலைக் குனிந்து பார்த்துவிட்டு, அவரே ஆச்சரியப்பட்டார். எந்த வீட்டிலிருந்து அப்படி அலறி அடித்துக்கொண்டு ஓடிவந்தார்?

அன்றைக்கு அவள் சிரித்துவிட்டாள். இந்தப் பேன்ட்டைப் பார்த்தபிறகு சிரிப்பு வரவில்லை.

"அம்மா, அந்தப் பேன்ட் என்ன பாவம் பண்ணிச்சு? பத்து நிமிஷமா முறைச்சுட்டு நிக்கறே."

மகள். காலேஜில் படிப்பது கணக்கு. வீட்டில் பெயர் மட்டும் வக்கீல். எதையும் குறுக்கு விசாரணை செய்யாமல் நம்பமாட்டாள்.

"ஒண்ணுமில்லை. கறை போகுதான்னு பாத்தேன்."

"கறையே இல்லையே."

"போயிடுச்சுல்ல, அதான்."

வக்கீல் அம்மாவை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்பா நேத்து ராத்திரியும் நாலு தடவை எழுந்தார். ஒவ்வொரு தடவையும் ஃபோனை எடுத்துட்டுத்தான் பாத்ரூம் போறார். நான் எண்ணினேன்."

"நீ தூங்கவே மாட்டியா?"

"பரீட்சைக்குப் படிக்கறேன். நடுவுல சாட்சியும் சேகரிக்கறேன்."

டிரைவர் அதற்குள் குளித்து, இன்னொரு யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிட்டார். ஒரு பாட்டில் தண்ணீரை நின்றபடியே குடித்தார். அடுத்த பாட்டிலைத் திறந்தார்.

"ரொட்டி கருகியிருக்கு," என்றார்.

"கருகலை. சிவந்திருக்கு," என்றாள் வக்கீல்.

"நான் உன்னைக் கேட்டேனா?" மேஜையில் பாட்டில் இடித்தது. தண்ணீர் தெறித்தது. முன்பெல்லாம் கருகின ரொட்டியைக் காட்டி, இதில் என் கலரும் இருக்கிறது, ருசியும் இருக்கிறது என்று சிரிக்கிற மனிதர். இப்போது எதற்கெடுத்தாலும் எரிச்சல்.

வக்கீல் அசரவில்லை. "அப்பா, போன வியாழக்கிழமை யூனியன் மீட்டிங்னு போனீங்களே, எங்க நடந்தது?"

"ஆபீஸ்ல."

"சித்தப்பாவும் அன்னைக்கு லீவாம். பட்டறைப் பக்கம் போனப்ப சொன்னாங்க. சோபா தைக்கறவங்களும் உங்க யூனியன்ல சேந்துட்டாங்களா?"

அவர் வாயில் இருந்த ரொட்டியை மெல்லுவதை நிறுத்தினார். ஒரு நொடிதான். பிறகு, "பஸ் போயிடப் போகுது, கிளம்பு" என்றார்.

அந்த ஒரு நொடியை அவளும் பார்த்தாள்.

மகள் போனதும் கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போய் நின்றாள்.

"என்னங்க, கொஞ்சம் நில்லுங்க. உங்களுக்கு ஒரு பேன்ட் தைக்கலாம்னு இருக்கேன்."

"இப்பவா? டூட்டிக்கு நேரமாச்சு."

"இடுப்பு மட்டும்தான்."

"என் இடுப்பு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்னுதான் நினைச்சுட்டு இருந்தேன்."

அவர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். டேப் சுற்றி வந்தது. வயிறு உள்ளே போயிற்று.

"மூச்சை விடுங்க. எக்கினா அளவு பொய் சொல்லும்."

"நான் எக்கலை."

"அப்போ மூச்சே விடறதில்லையா நீங்க?"

மூச்சு வெளியே வந்தது. கூடவே வயிறும். முப்பத்தெட்டரை.

அவர் போனதும் அவள் அந்தப் பேன்ட்டை மேஜையில் விரித்து அளந்தாள். முப்பத்துநாலு. இன்னொரு தடவை அளந்தாள். முப்பத்துநாலேதான்.

எவளோ ஒருத்தி ஆசையாகப் பக்கத்தில் உட்கார்ந்து, இளைத்துப்போன ஆளுக்கு இடுப்பைப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள் என்றுதான் அவள் இதுவரை நினைத்திருந்தாள். ஆனால் இந்த ஆள் இளைக்கவே இல்லை. இந்தப் பேன்ட்டில் இவர் ஒரு காலை நுழைத்தாலே பட்டி அறுந்துவிடும்.

அப்படியானால் இதை மாட்டிக்கொண்டு போனது யார்?

*

அவள் கடை ஒரு வணிக வளாகத்தின் தரைத்தளத்தில், சாவி செய்கிறவருக்கும் மொபைல் ரிப்பேர் கடைக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு மெஷின், விளிம்பு அடிக்க ஓர் ஓவர்லாக், துணி தொங்கும் கம்பி, திரை போட்ட ஒரு டிரையல் ரூம். அவ்வளவுதான். ஆனால் விளக்கு நல்ல விளக்கு. தலைமுடி கனமுள்ள நூலும் அதில் கயிறாகத் தெரியும்.

அவள் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக அந்தப் பேன்ட்டை விளக்குக்குக் கீழே போட்டாள்.

வீட்டில் கோபத்தோடு பார்த்ததை இங்கே தொழில்காரியின் கண்ணோடு பார்த்தாள். ஒரு தையலை மட்டும் பிளேடு நுனியால் அறுத்து இழுத்தாள். நூல் சுலபமாக வரவில்லை. கட்டைவிரல் நகத்தில் மெழுகு ஒட்டியது. எந்தத் தையல் கடையிலும் பேன்ட்டுக்கு மெழுகு நூல் போடமாட்டார்கள். இது சோபா தைக்கிற நூல்.

அடுத்தது சாய்மானம். அவள் தைத்தால் தையல்கள் ஒரு பக்கமாகச் சாயும். இவை எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. இடதுகைக்காரர் தைத்தது.

அவளுக்குத் தெரிந்து இடதுகையால் சோபா தைக்கிறவன் ஒருவன்தான். அளவு நோட்டைப் புரட்டினாள். தேட வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. 'குஷன் – இடுப்பு 34.'

குஷன் என்பது அவள் கொழுந்தன். அவள் கல்யாணமாகி வந்தபோது வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தவன். மெத்தை வைத்துச் சோபா தைப்பதால் அந்தப் பெயர். வயது முப்பத்தாறு. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இங்கே சாப்பாடு.

போன ஞாயிற்றுக்கிழமைகூட எல்லோரும் அவனை ஓட்டினார்கள். "என்ன சித்தப்பா, கலர் ஏறிட்டே போகுது? யார் அந்தப் பொண்ணு?" என்றாள் வக்கீல். அவனும் கன்னத்தைத் தடவிக்கொண்டு சிரித்தான்.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள். ஒரு பெண் விஷயத்தைவிட இது அவளுக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. அந்த யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு தம்பி எங்கே போனான்? அண்ணனுக்குப் பதிலாக வண்டியை ஓட்டினானா? அவனுக்குச் சைக்கிளே நேராக ஓட்டத் தெரியாது.

பன்னிரண்டு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பேன்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

*

பட்டறைக்குள் ஸ்பாஞ்சுத் தூள் பறந்துகொண்டிருந்தது. துணி உரித்த சோபா ஒன்று எலும்புக்கூடு மாதிரி ஸ்பிரிங்கைக் காட்டிக்கொண்டு கிடந்தது. குஷன் அதன் முன்னால் முட்டி போட்டு, வளைந்த ஊசியால் பட்டையைத் தைத்துக்கொண்டிருந்தான். இடது கை.

"அடடே, அண்ணி. என்ன இந்தப் பக்கம்? உட்காருங்க. அதுல வேண்டாம், ஸ்பிரிங் குத்தும். இதுல உட்காருங்க."

எழுந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். நாலடி தூரம்தான். வைத்ததும் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். மார்பு ஏறி இறங்கியது.

"என்ன, இதுக்கே மூச்சு வாங்குது?"

"வயசாயிடுச்சுல்ல அண்ணி. சீக்கிரம் எவளையாவது பாத்துக் குடுங்க, மூச்சு நிக்கறதுக்குள்ள."

அவள் சிரிக்கவில்லை. பையிலிருந்து பேன்ட்டை எடுத்து அவன் முன்னால் போட்டாள். பட்டி மேலே தெரியும்படி போட்டாள்.

குஷன் அதைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"பிரிச்சுட்டுக் குடுக்கணும்னுதான் நினைச்சேன். அன்னைக்கு அசதியில தூங்கிட்டேன். அப்படியே பையில போட்டுக் குடுத்திருக்கேன் பாருங்க."

"தையல்காரி வீட்டுக்கு."

"தையல்காரி வீட்டுக்கு," என்று அவனே ஒப்புக்கொண்டான். "கொஞ்சம் மோசமா தைச்சிருந்தா அண்ணனே தைச்சுட்டார்னு சொல்லியிருக்கலாம். கை கேட்கலை."

"எதுக்குப் போட்டே இதை?"

"ஒரு இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. எங்கிட்ட நல்ல பேன்ட் இல்லை."

"போன வருஷம் நான் தைச்சுக் குடுத்தது ரெண்டு இருக்கு."

"அது... இஸ்திரி போடலை."

"தம்பி, என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. ஏதாவது தப்புக் காரியமா?"

குஷன் முகத்தைப் பார்த்தான். பார்த்துச் சொல்ல முடியவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தான். இரண்டைப் பிதுக்கி வாயில் போட்டு, ஆறிப்போன டீயால் விழுங்கினான். பெப்பர்மிண்ட் சாப்பிடுகிற லாவகம்.

"என்ன மாத்திரை அது?"

"இடுப்பு வலிக்கு. குனிஞ்சே வேலை பாக்கறோம்ல. இது இல்லைன்னா எழுந்திருக்க முடியாது."

"டாக்டர் குடுத்தாரா?"

"டாக்டர் எதுக்கு? கடையில கேட்டா குடுக்கறாங்க. மூணு நாலு வருஷமா இதுதான். நல்லாத்தான் கேட்குது."

"சாப்பிட்டுத்தானே போடறே?"

"சாப்பாடு எங்க அண்ணி இறங்குது? வயித்துல ஒரே எரிச்சல்."

அவன் கையை நீட்டிப் பேன்ட்டை மடித்துக் கொடுத்தான். அந்தக் கையை அவள் பார்த்தாள். நகங்கள் சாக்பீஸ் மாதிரி இருந்தன. ஞாயிற்றுக்கிழமை வீட்டு விளக்கில் கலர் என்று தெரிந்தது, பகல் வெளிச்சத்தில் வேறு என்னவோவாக இருந்தது.

"ரொம்ப வெளுத்திருக்கே."

"வெயில்ல போறதில்லை, அதான்." ஊசியை எடுத்துக்கொண்டான். "அண்ணனையே கேளுங்க அண்ணி. நான் வாக்குக் குடுத்திருக்கேன். அவர் கெட்ட காரியம் பண்ற ஆளு இல்லை. அது மட்டும் சொல்றேன்."

கெட்டவர் இல்லை என்று ஒருவர் நமக்கு எப்போது சொல்லுவார்? அவள் திரும்பி வரும் வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

*

மூன்று மணிக்கு ஃபோன் வந்தது. ஒரு கல்லூரிப் பையனின் பேன்ட்டுக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருந்தாள்.

"டிரைவர் வீட்டம்மாதானே? பஸ் டிப்போ மெடிக்கல் ரூம்ல இருந்து நர்ஸ் பேசறேன். அவசரத்துக்குக் கூப்பிட உங்க நம்பரைத்தான் குடுத்திருக்கார். பதட்டப்படாதீங்க."

பதட்டப்படாதீங்க என்று சொன்னால்தான் பதட்டம் வரும். அவள் மெஷினிலிருந்து காலை எடுத்தாள்.

"வருஷா வருஷம் டிரைவர்களுக்கு ரத்தம், கண்ணு எல்லாம் பாக்கணும்ல. எங்க டிப்போவுல பாத்த அன்னைக்கு உங்க வீட்டுக்காரர் வரலை. அப்புறம் போன வியாழக்கிழமை பக்கத்து டிப்போவுல போய்க் குடுத்திருக்கார். அந்த ரிப்போர்ட் இப்பத்தான் வந்தது."

போன வியாழக்கிழமை. யூனியன் மீட்டிங்.

"சுகரா சிஸ்டர்?"

"சுகர் அருமையா இருக்கு. இருபது வயசுப் பையன் மாதிரி. பிரச்சனை அது இல்லை. ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு. குறைஞ்சது பதிமூணு இருக்கணும். இவருக்கு ஏழுதான் இருக்கு. இப்படி இருந்தா உள்ள எங்கேயோ ரத்தம் கசியுதான்னு பாக்கணும். வயித்துல புண் இருக்கலாம். வலி மாத்திரை நிறைய போடுவாரா?"

அவள் ஃபோனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"முகமெல்லாம் வெளுத்திருக்குமே, நீங்க கவனிக்கலையா? மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குமே?"

காலையில் மேஜையில் பாட்டிலை இடித்தபோது கோபத்தில் சிவந்த அந்த முகம் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது. நாலு ரொட்டி. முப்பத்தெட்டரை அங்குலம். அந்த உடம்பில் ரத்தம் குறைவாம்.

பிறகு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்ற இன்னொரு முகம் வந்தது.

"பஸ்ஸை நிறுத்தச் சொல்லியாச்சு. அவரை இறக்கி வீட்டுக்கு அனுப்பறாங்க. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. கனமா எதையும் தூக்க விடாதீங்க. நாளைக்குப் பாக்கலாம்னு மட்டும் இருந்துடாதீங்கம்மா."

ஃபோனை வைத்ததும் குஷனைக் கூப்பிட்டாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. பட்டறை முதலாளியைக் கூப்பிட்டாள்.

"இப்பத்தான்மா கிளம்பினான். ஒரு சோபா டெலிவரி. மூணாவது மாடி."

"லிஃப்ட் இருக்கா?"

"பெரிய சோபாம்மா, லிஃப்ட்ல நுழையாது. படியிலதான் தூக்கணும். ஏன்?"

"தூக்க விடாதீங்க. அவனைத் தூக்கவே விடாதீங்க. எந்த இடம் அது?"

"அட்ரஸ் புஸ்தகம் வண்டியில போயிடுச்சே. ஆர்டர் குடுத்த கடைக்காரர்கிட்டக் கேட்டுச் சொல்றேன். என்னம்மா ஆச்சு?"

*

டிரைவர் வந்தபோது கடையில் மூன்று பேர் நின்றார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. நேராக டிரையல் ரூமுக்குள் போய் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

"அக்கா, ஜிப் ஆயிடுச்சா?" என்றான் கல்லூரிப் பையன்.

"நாளைக்கு வாப்பா."

"நாளைக்கு இன்டர்வியூக்கா."

"அப்போ பின் குத்திட்டுப் போ."

திரையை இழுத்துவிட்டாள். இரண்டு பேர் நின்றாலே இடிக்கிற இடம். சுவர் முழுக்கக் கண்ணாடி. அவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவரே தெரிந்தார்.

"பாதி வழியில நிறுத்தி இறக்கிட்டாங்க," என்றார். "அத்தனை பேருக்கு முன்னால. காரணம்கூடச் சொல்லலை. உனக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியும். உங்க தம்பிக்கு ரத்தம் ஏழுதான் இருக்காம்."

அவர் முகத்தில் எத்தனையோ வந்து போயின. கடைசியாக நின்றது, பிடிபட்ட முகம்.

"உன்கிட்டச் சொல்லிட்டானா?"

"அவன் சொல்லலை. அவன் தையல் சொல்லிச்சு. பாக்கியை அவன் ரத்தம் சொல்லிச்சு. இப்ப நீங்க சொல்லுங்க."

சொன்னார். கண்ணாடியைப் பார்க்காமல், திரையின் கரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மருந்துக் கடையில் விரலைக் குத்திப் பார்த்தாராம். சுகர் முந்நூறைத் தாண்டியிருந்ததாம். அன்றைக்கே டீயில் சர்க்கரையை நிறுத்திவிட்டார். அதோடு சரியாகிவிடும் என்று நினைத்தார். ராத்திரி அடிக்கடி எழ வேண்டியிருந்தது. அவள் தூக்கம் கெடக்கூடாது என்று ஹாலுக்கு வந்தார். ஃபோன், இருட்டில் வெளிச்சத்துக்கு.

"மெடிக்கல்ல தெரிஞ்சா வண்டியை விட்டு இறக்கிடுவாங்க. என் அடையாள அட்டையில இருக்கறது பதினாலு வருஷத்துக்கு முந்தின ஃபோட்டோ. இப்ப அவன்தான் அப்படி இருக்கான். பக்கத்து டிப்போவுல யாருக்கும் என்னைத் தெரியாது. அவன் ஆரோக்கியமான ஆளுதானே, ரத்தம் குடுத்துட்டு வந்துடுவான்னு..."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"எதிர் டீக்கடையில. சர்க்கரை இல்லாம நாலு டீ குடிச்சேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் விழுங்கினாள்.

"இத்தனை நாளா வேற ஒருத்தி இருக்கான்னு நினைச்சுட்டு இருந்தேன். இருந்திருந்தாக்கூடத் தேவலை. அவ முடியைப் பிடிச்சு நாலு கேள்வி கேட்டிருப்பேன். உங்க உடம்புகூட நான் எப்படிச் சண்டை போடறது?"

"சண்டையெல்லாம் வேண்டாம். நான் சொல்றதைக் கேளு." அவர் முன்னால் சாய்ந்தார். வழியெல்லாம் யோசிக்காததை இந்த இரண்டு நிமிஷத்தில் யோசித்துவிட்டார். "அவனை இன்னைக்கே ஆஸ்பத்திரியில காட்டலாம். அவன் பேர்லயே. ஒரு குறையும் வைக்க வேண்டாம். ரிப்போர்ட் ஏதோ மாறிப்போச்சுன்னு நான் டிப்போவுல சொல்லிக்கறேன். மறுபடி ரத்தம் கேட்டா, ரெண்டு மாசம் தள்ளிப் போடுவேன். அதுக்குள்ள நானும் மருந்து சாப்பிட்டுச் சரியாயிடுவேன். யாருக்கும் எதுவும் தெரியாது."

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. குஷனுக்கு வைத்தியம். இவருக்கு வேலை. வக்கீலுக்குக் காலேஜ். யாரும் எதையும் இழக்க வேண்டாம்.

"அந்த ரெண்டு மாசமும் வண்டி ஓட்டுவீங்களா?"

"ஓட்டாம? எனக்கென்ன, நல்லாத்தானே ஓட்டறேன்."

"கால்?"

"கால் என்ன?"

"அன்னைக்கு ஒத்தைச் செருப்போட வந்தீங்களே. கழண்டது உங்களுக்குத் தெரியலை. தெரிஞ்சிருந்தா எடுத்து மாட்டியிருப்பீங்க."

"கொஞ்சம் மரத்துப்போகும், அவ்வளவுதான். பஞ்சு மேல நிக்கற மாதிரி. பிரேக் போடறதுக்கெல்லாம் ஒண்ணும் ஆகலை."

அவள் தரையில் உட்கார்ந்தாள். அவர் வலது காலைத் தன் மடியில் எடுத்து வைத்தாள்.

"என்ன பண்றே? வெளிய ஆளு நிக்குது."

"நிக்கட்டும்."

ஷூவின் கயிற்றை அவிழ்த்து இழுத்தாள். ஏதோ ஒன்று தரையில் விழுந்து, உருண்டு, கண்ணாடியில் மோதி நின்றது.

ஒரு பட்டன். கோட்டுக்கு வைக்கிற கனமான பட்டன். தையல்காரி வீட்டில் பட்டன் எங்கேயும் கிடக்கும். சோற்றில் கிடந்து பல்லில் மாட்டியிருக்கிறது. இது காலையில் ஷூவுக்குள் விழுந்திருக்கிறது.

அவள் சாக்ஸைக் கழற்றினாள். பெருவிரலுக்குக் கீழே அந்தப் பட்டன் தன் உருவத்தை வட்டமாகப் பதித்து வைத்திருந்தது. தோல் உரிந்து, சாக்ஸில் ஈரமாக ஒட்டியிருந்தது.

காலை ஏழு மணியிலிருந்து. அந்தக் காலால்தான் எட்டு மணி நேரம் பிரேக்கை மிதித்திருக்கிறார்.

அவர் பட்டனைப் பார்த்தார். காலைப் பார்த்தார். பிறகு அவளை.

"இது எப்போ..." என்றார்.

அவள் புண்ணைச் சுற்றி விரலால் தடவினாள். அவர் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. அதுதான் அவளைக் கலக்கியது. வலித்திருந்தால் அவர் கத்தியிருப்பார். கத்தியிருந்தால் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

வெளியே யாரோ, "அக்கா, சேலைக்கு ஃபால்ஸ் தைக்கணும்" என்றார்கள். பதில் வராமல் போகவே போய்விட்டார்கள்.

"வண்டி போயிட்டா நான் யாரு?" என்றார் அவர். மெல்லிய குரல். ரொட்டி கருகியதற்குப் போட்ட சத்தத்தில் பாதிகூட இல்லை. "இருபத்தோரு வருஷம். ஒரு சின்ன உரசல் கிடையாது. எனக்கு வேற எதுவும் தெரியாதும்மா."

"தெரியாதுதான். ஆனா காலையில வக்கீல் ஏறினது உங்க டிப்போ பஸ்லதான். அதை ஓட்டற ஆளும் உங்களை மாதிரி யாரையாவது அனுப்பி ரத்தம் குடுத்திருந்தா, நீங்க அவளை ஏத்தி விடுவீங்களா?"

அவர் கண்ணாடியோரம் கிடந்த பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தார். காலை அவள் மடியிலிருந்து எடுக்கவில்லை.

பட்டறை முதலாளி இன்னும் திரும்பக் கூப்பிடவில்லை. அவள் தன் ஃபோனை எடுத்துக் குஷனை மறுபடியும் அழைத்தாள். காதில் வைத்துக்கொண்டே அவரைப் பார்த்தாள்.

டிரைவர் சட்டைப்பையிலிருந்து தன்னுடைய ஃபோனை எடுத்தார். நம்பரைத் தேடினார். கட்டைவிரல் இரண்டு தடவை தவறான இடத்தில் பட்டது. மூன்றாவது தடவை சரியாக அழுத்தினார்.

"சிஸ்டர், நான்தான். டிரைவர். ஆமா, வீட்டம்மாகூடத்தான் இருக்கேன். இல்லை, இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போகலை. ஒரு நிமிஷம், நான் சொல்றதைக் கேளுங்க." திரையின் கரையைப் பிடித்துக்கொண்டார். "அந்த ரத்தம் என்னோடது இல்லை."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"ஏமாத்திட்டேன் சிஸ்டர். என்ன பண்ணணுமோ பண்ணுங்க. எனக்குச் சுகர் இருக்கு. கால் மரத்துப்போச்சு. இனிமே நான் வண்டியில ஏறலை. அந்த ரத்தம் என் தம்பியோடது."

சின்ன அறை. நர்ஸ் பேசியது அவளுக்கும் கேட்டது. அந்தப் பெண்மணி கோபப்படவில்லை. ஏன் செய்தீர்கள் என்று கேட்கவில்லை. கம்பெனிக்கு எழுதுவேன் என்றும் சொல்லவில்லை.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். உங்க தம்பி இப்ப எங்க இருக்கார்?"

அவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார்.

அவள் காதில் குஷனின் ஃபோன் மணி அடித்துக்கொண்டே இருந்தது.